உங்கள் பெயரில் அன்று யார் நின்றது

அருள்மொழி என்ன வேலை செய்கிறாள் என்று அவளுடைய ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். கம்ப்யூட்டர் வேலை என்பார்கள் சிலர். புதுச்சேரியில் பெரிய டாக்டர் என்று நம்பி, கல்யாண வீட்டில் அவளை ஓரமாகக் கூப்பிட்டு முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டவர்களும் உண்டு. அப்பா சடையப்பன் இருந்தவரை, "ஆஸ்பத்திரியில கணக்குப் பாக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னவர்களில் அவர்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தார்.

டாக்டர்கள் புது மருந்து கண்டுபிடித்ததாகப் பேப்பரில் படத்தோடு செய்தி வருகிறது. அந்த மருந்து நிஜமாகவே வேலை செய்ததா, இல்லை எப்படியும் பிழைத்திருக்கக் கூடியவர்களுக்குக் கொடுத்துவிட்டு மார்தட்டுகிறார்களா என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எத்தனை பேருக்குக் கொடுப்பது, எத்தனை நாள் கவனிப்பது, எந்த எண்ணை நம்புவது, எதை ஒதுக்குவது என்பதெல்லாம் அந்த ஆளின் பொறுப்பு. உயிரிப் புள்ளியியல் என்று அதற்குப் பெயர். படத்தில் அந்த ஆள் இருக்கமாட்டார். ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வரும், அதையும் யாரும் படிப்பதில்லை.

அருள்மொழி புதுச்சேரியில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பதின்மூன்று வருடமாக அந்த வேலையில் இருந்தாள். ரத்தத்தில் கிருமி சேர்ந்த பச்சைக் குழந்தைகளுக்குப் பத்து நாள் ஊசிக்குப் பதில் ஆறு நாள் போதுமா என்று ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதி நடக்கும்போதே எடை குறைந்த குழந்தைகளின் எண்களில் ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. தற்செயலாக இருக்கும், முடியட்டும் பார்க்கலாம் என்றார்கள். அவள் விடவில்லை. நான்கு நாள் எல்லோரையும் நச்சரித்து, இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டும் சோதனையை நிறுத்த வைத்தாள். அதனால் பிழைத்த குழந்தைகள் எத்தனை என்று தோராயமாகச் சொல்லலாம். எந்தெந்தக் குழந்தை என்று யாராலும் சொல்ல முடியாது. அவளுடைய பெருமை எல்லாமே இப்படி, கையில் எடுத்துக் காட்ட முடியாத பெருமை.

அடுத்தது காசநோய் ஆராய்ச்சி. மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு வராமல் போனவர்களைக் கணக்கில் சேர்க்காமல், வந்தவர்களை மட்டும் வைத்து நோய் குறைந்துவிட்டது என்று எழுதும் பழக்கம் அங்கே இருந்தது. அருள்மொழி அதை மாற்றினாள். இளம் டாக்டர்களுக்கு வகுப்பெடுக்கும்போது, வராதவர்களைத் தேடிப் போங்கள், அவர்கள்தான் உங்கள் ஆராய்ச்சி என்று மேசையைத் தட்டிச் சொல்வாள். ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் சொந்த ஊரில் அதைக் கோட்டைவிட்டாள் என்பதுதான் இந்தக் கதை. எனக்கு அவள்மேல் கோபம் உண்டு. கோபத்தோடுதான் சொல்கிறேன்.

மரக்காணத்துக்கு மேற்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது அவர்கள் ஊர். மானாவாரி நிலம் கொஞ்சம். மழை ஏமாற்றும் வருடமெல்லாம் உப்பளம்தான் சோறு போட்டது. அருள்மொழிக்குப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா வேலம்மாள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு உப்பளத்தில் இறங்கியவள். பாத்தியில் நின்று பலகையால் உப்பை வாரி வரப்பில் கொட்டுவது, கொட்டியதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து குவிப்பது, இதுதான் வேலை. தங்கையை ஹாஸ்டலில் சேர்த்தது, காலேஜ் அனுப்பியது, மேலே படிக்க சென்னைக்குப் பஸ் ஏற்றிவிட்டது எல்லாம் வேலம்மாள்தான். அதைச் சொல்லிக் காட்டியதே கிடையாது. சொல்லிக் காட்டியிருந்தால் அருள்மொழிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு எதுவும் புரியாது. தை மாதம் சீசன் தொடங்கும்போது மேஸ்திரி ஒரு பட்டியல் போடுவார். பட்டியலில் பெயர் இருந்தால் சீசன் முழுக்க வேலை உண்டு. பெயர் இருந்தும் ஆள் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால், அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். அதனால் உடம்புக்கு முடியாதவள் வீட்டில் படுத்துக்கொண்டு மகளையோ தங்கையையோ மருமகளையோ அனுப்புவாள். அதற்குப் பெயரில் நிற்பது என்று பெயர். விடிகாலையில் மேஸ்திரி பட்டியலைப் படிப்பார். யார் பெயரில் நிற்கிறாளோ அந்தப் பெயருக்கு "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். வெயிலுக்கும் உப்பின் கண்கூச்சத்துக்கும் பயந்து எல்லோரும் தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றிக்கொண்டு, சேலைமேல் பழைய முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். கண் மட்டும்தான் தெரியும். மேஸ்திரிக்கு விஷயம் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார். வெளியாள் வந்து கேட்டுவிட்டால் மட்டும் அவரால் அப்படி இருக்க முடியாது. அதனால் வெளியாளிடம் யாரும் மூச்சுவிட மாட்டார்கள்.

அருள்மொழியே நின்றிருக்கிறாள். வேலம்மாளுக்கு மகள் சரண்யா பிறந்தபோது, பதினேழு வயதில், லீவு நாட்களில் எட்டு நாள் அக்காவின் பெயரில் நின்று உப்பு வாரினாள். உள்ளங்கால் வெடித்து அடுத்த வாரம் செருப்புப் போட முடியவில்லை. இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்து, அந்த முடிவில் ஒழுங்காகத் தேர்ச்சியும் பெற்றாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நிலையத்தில் ஒரு யோசனை வந்தது. உப்பளத்துப் பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது என்று அங்கங்கே பேச்சு இருந்தது. அனல் வெயில். ஒதுங்க ஒரு புதர் கூட இல்லாத வெட்டவெளி. ஒதுங்க முடியாது என்பதால் விடிகாலையிலிருந்து மதியம் வரை அந்தப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. பேச்சு உண்மையா என்று எண்ணிப் பார்க்க நிலையம் முன்வந்தது. உண்மை என்றால் மாதந்தோறும் ரத்தப் பரிசோதனை வண்டி அனுப்புவதாக ஒரு அறக்கட்டளை சொல்லியிருந்தது. தலைமை டாக்டர் ஆரோக்கியராஜ். ஆராய்ச்சியை எப்படிச் செய்வது என்று வகுத்தவள் அருள்மொழி.

உப்பளத்துக்கே விடிகாலையில் போய், மேஸ்திரியின் பட்டியல்படி ரத்தம் எடுப்பது என்று அவள்தான் திட்டம் போட்டாள். எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், வேலை கெடாது, ஒருவர் விடாமல் முடித்துவிடலாம். மாசியில் ஒரு முறை, மே மாதக் கடைசியில் ஒரு முறை. சிறுநீரகம் வடிகட்டாமல் விட்ட கழிவு ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று காட்டுவது கிரியேட்டினின். பெண்களுக்கு அது ஒன்றைத் தாண்டக் கூடாது. ஒரு முறை தாண்டினால் போதாது, மூன்று மாதம் கழித்தும் தாண்டியிருந்தால்தான் நாள்பட்ட நோய் என்று மருத்துவத்தில் கணக்கு. அதற்காகத்தான் இரண்டு முறை.

நானூற்று முப்பத்தாறு பேர். முதல் முறை அறுபத்தொரு பேருக்கு அளவு கூடியிருந்தது. இரண்டாம் முறை அதில் முப்பத்தெட்டுப் பேருக்கு இறங்கி, சாதாரணமாகிவிட்டது. மிச்சம் இருபத்து மூன்று. நூற்றுக்கு ஐந்து. வானூர்ப் பக்கத்து விவசாயக் கிராமங்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான்.

முப்பத்தெட்டுப் பேருக்கு எப்படி இறங்கியது? அருள்மொழியிடம் அதற்கு ஒரு விளக்கம் இருந்தது. எதை அளந்தாலும் முதல் முறை ரொம்பக் கூடுதலாக வந்தது இரண்டாம் முறை தானாகவே சராசரியை நோக்கித் திரும்பும். பரீட்சையில் ஒருமுறை நூற்றுக்கு நூறு வாங்கியவன் அடுத்த முறை தொண்ணூறு வாங்குவது மாதிரி. நூறு வருடமாக எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற விளக்கம், தப்பே சொல்ல முடியாது. அதை எழுதினாள். உப்பள வேலைக்கும் சிறுநீரக நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று கட்டுரை வெளியானது. அறக்கட்டளை வண்டியை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

கட்டுரை வெளியாவதற்கு முன்பே, இரண்டாம் சீட்டுகள் ஊருக்குப் போன ஜூன் மாதத்தில் ஒரு நாள் வேலம்மாள் போன் செய்தாள். அவளாக போன் செய்வது அபூர்வம். மாசியில் எடுத்த சீட்டில் ஒன்று புள்ளி ஒன்பது என்று போட்டிருக்கிறது, இப்போது வந்த சீட்டில் பூஜ்யம் புள்ளி ஏழு, இதில் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டாள். அருள்மொழி அப்போது ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல கூட வந்தவங்களுக்கு அடுத்த தடவ தானா கொறையும்க்கா. ரெண்டாவதுதான் சரி. பயப்படாத."

"நீ சொல்லிட்டா சரி" என்று வேலம்மாள் போனை வைத்துவிட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்து உப்பளம் மூடியது. தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், மூச்சு வாங்குகிறது, முகம் வீங்கிவிட்டது என்று வேலம்மாளை ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். கிரியேட்டினின் எட்டு புள்ளி ஆறு. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்விட்டன, இது ஒரு மாதத்தில் இரண்டு மாதத்தில் வந்ததில்லை, ஆறு மாதம் முன்னாலேயே வந்திருந்தால் மாத்திரையிலேயே பல வருடம் ஓட்டியிருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு அது தினமும் சொல்கிற வாக்கியம்.

அருள்மொழிக்கு இது ஒத்துவரவில்லை. மே மாதம் பூஜ்யம் புள்ளி ஏழு இருந்தவளுக்கு ஐந்து மாதத்தில் சிறுநீரகம் சுருங்காது. ஏதோ ஒரு எண் பொய் சொல்கிறது. லேப் மாறியிருக்குமோ, சீட்டு மாறியிருக்குமோ என்று வராந்தாவில் நடந்துகொண்டே யோசித்தாள். அப்போதுதான் சரண்யா பக்கத்தில் வந்து நின்றாள். இருபது வயது, திண்டிவனத்தில் காலேஜ் மூன்றாம் வருடம்.

"சித்தி, மே மாசம் எடுத்தது அம்மா ரத்தம் இல்ல. என்னோடது."

பிறகு விசும்பிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள். அந்த வாரம் அம்மாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியவில்லை. காலேஜ் லீவு என்பதால் இவள் போய் அம்மா பெயரில் நின்றாள். திடீரென்று ரத்தம் எடுக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். வேலம்மாள் என்று மேஸ்திரி கூப்பிட்டபோது இருக்கேன் என்று சொல்லிவிட்டு, எப்படி இல்லை என்பது? சொன்னால் பெயரை அடித்துவிடுவார்கள். கையை நீட்டிவிட்டாள். வீட்டில் வந்து சொல்லவில்லை. சீட்டு நன்றாக வந்ததும் அம்மா சிரித்த முகமாக இருந்தாள், அப்புறம் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அருள்மொழி அவளைத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? இந்தப் பெண் கையைத்தான் நீட்டினாள். ரெண்டாவதுதான் சரி என்று சொன்னது யார்?

மறுநாள் நிலையத்துக்குப் போய் அந்த முப்பத்தெட்டுப் பேரின் தகவலைத் திறந்தாள். ரத்தத்தோடு எடை, உயரம் எல்லாம் இரண்டு முறையும் எடுத்திருந்தார்கள். அக்காவின் வரிசையில் மாசியில் நூற்று ஐம்பத்தொன்று சென்டிமீட்டர், மே மாதம் நூற்று ஐம்பத்தெட்டு. இருபத்தொன்பது வரிசைகளில் உயரம் இப்படி மாறியிருந்தது. அதை அவள் முதல்முறையாகப் பார்க்கவில்லை. அப்போதே பார்த்திருந்தாள். களத்தில் அளவெடுத்த ராஜ்கமலைக் கூப்பிட்டு, ஐம்பது வயதுப் பொம்பளை மூன்று மாதத்தில் ஏழு சென்டிமீட்டர் வளருவாளா, டேப்பைப் பிடிக்கத் தெரியாதா என்று எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். அவன் பொம்மையார்பாளையத்துப் பையன், சாதுவானவன். ஒழுங்காகத்தான் அளந்தேன் மேடம் என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சிறுநீரகக் கணக்குக்கு உயரம் தேவையில்லை என்பதால் அந்தப் பத்தியையே அவள் நீக்கிவிட்டாள்.

ஐம்பது வயதுப் பொம்பளை வளர மாட்டாள். வேறு ஆள் வந்திருந்தால்தான் உயரம் கூடும். சரியான கேள்வியைத் தன் வாயாலேயே கேட்டுவிட்டு, பதிலை டேப்பின் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இதுவே திருச்சியிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வந்த ஒருத்தி செய்திருந்தால் மன்னித்துவிடலாம். பெயரில் நிற்பது என்றால் என்னவென்று அந்தக் கட்டடத்தில் தெரிந்திருந்த ஒரே ஆள் அருள்மொழி. ஏசி அறையில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். மறக்க வேண்டும் என்று இருபது வருடம் பாடுபட்டவளுக்கு அது கைகூடியிருந்தது.

முதலில் ராஜ்கமலிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவன் பரவாயில்லை மேடம் என்றான். பிறகு டாக்டர் ஆரோக்கியராஜிடம் போய் உட்கார்ந்தாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தவர். நிச்சயமா என்று மூன்று முறை கேட்டார். அடுத்த சீசனில் புதிதாக ஒரு ஆராய்ச்சி செய்து அதில் சரிசெய்துகொண்டால் போதாதா என்றார். அதற்குள் எத்தனை பேர் வேலம்மாள் மாதிரி வருவார்கள் என்று அவள் தோராயமாக எண்ணிச் சொன்னதும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவள் எழுதினாள். தவறு புள்ளியியலாளருடையது என்று எழுதி, முதல் கையெழுத்தையும் தானே போட்டாள். மற்றவர்கள் அதற்குக் கீழே போட்டார்கள்.

கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் மறுபடி ரத்தம் எடுக்க வீடுவீடாகப் போனாள். ராஜ்கமலும் கூட வந்தான். இந்த முறை பட்டியலில் இருந்தவர்களோடு, உடம்பு முடியாமல் உப்பளத்துக்குப் போவதையே விட்டவர்களையும் தேடிப் பிடித்தார்கள். மே மாதம் உங்களுக்குப் பதிலாக வேறு யாராவது ரத்தம் கொடுத்தார்களா என்றுதான் படிவத்தில் நான்காவது கேள்வியாக எழுதிக்கொண்டு போனாள். முதல் பதினொரு வீட்டிலும் இல்லை என்று பதில் வந்தது. நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் கண்முன்னால் நின்றுகொண்டே, நூற்று ஐம்பத்தாறு உயரத்தில் ரத்தம் கொடுத்தது நான்தான் என்றாள் ஒருத்தி. யாரும் பொய் சொல்லிப் பழகியவர்கள் இல்லை. பெயர் போய்விடும் என்ற பயம்.

பன்னிரண்டாவது வீடு பொன்னம்மாளுடையது. வேலம்மாளோடு இருபது வருடம் ஒரே பாத்தியில் நின்றவள். அருள்மொழி படிவத்தை மூடி வைத்துவிட்டு, எட்டு நாள் அக்கா பெயரில் தான் நின்ற கதையைச் சொன்னாள். கால் வெடித்ததைச் சொன்னாள். பிறகு, நடந்ததா இல்லையா என்று கேட்காமல், தெரிந்த விஷயத்தைப் பேசுகிற மாதிரிக் கேட்டாள்.

"அன்னிக்கி உங்க பேர்ல யாரு நின்னது?"

"எம் மருமவ" என்றாள் பொன்னம்மாள், உடனே. "எனக்குத்தான் எழுந்துக்கவே முடியலயே."

அன்றைக்கே படிவத்தில் நான்காவது கேள்வியை அடித்துவிட்டு அப்படி மாற்றி எழுதினாள். யார் பெயரும் மேஸ்திரிக்குப் போகாது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தாள். விட்டுவந்த பதினொரு வீட்டுக்கும் மறுபடி போனாள். இப்போது பதில் வந்தது. மகள், தங்கை, நாத்தனார், ஓரிடத்தில் பக்கத்து வீட்டுக்காரி. எடுத்த ரத்தத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது ஐந்து பேரில் ஒருத்திக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் மாத்திரை கேட்கும் நிலைமை. அறக்கட்டளை வண்டி திரும்பி வந்தது. உப்பளத்து ஓரத்தில் தண்ணீர்த் தொட்டியும் இரண்டு கழிப்பறையும் கட்டினார்கள். அதில் ஒன்று எப்போதும் பூட்டிக் கிடக்கிறது. இருந்தாலும் ஒன்று திறந்திருக்கிறது.

அந்த நான்காவது கேள்வி இப்போது வேறு பல இடங்களுக்கும் போய்விட்டது. கூலிப் பட்டியலை வைத்துத் தொழிலாளர்களைப் பரிசோதிக்கிற ஆராய்ச்சி எதுவானாலும் அதைச் சேர்க்கிறார்கள். செங்கல் சூளையில் கேட்கிறார்கள், தேயிலைத் தோட்டத்தில் கேட்கிறார்கள். மருத்துவத்துக்கு அருள்மொழி கொடுத்ததிலேயே பெரியது அதுதான் என்று அவளோடு வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். பாராட்டுபவர்களிடம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இத்தனையும் செய்தவள் ஒன்றை மட்டும் செய்யாமல் தள்ளிக்கொண்டே வந்தாள். வீடுவீடாகப் போன அந்த இரண்டு மாதமும் அக்காவிடம் சொல்லவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வேலம்மாளுக்கு டயாலிசிஸ். இரண்டு நாளும் அருள்மொழி பக்கத்தில் போய் உட்காருவாள், கால் பிடித்துவிடுவாள், சரண்யாவின் காலேஜ் பற்றிப் பேசுவாள், வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு எழுந்து வருவாள். சரண்யாவுக்குக் கொடுத்த வாக்கு என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதில் பாதி பொய். அக்காவின் முகம் எப்படி மாறும் என்ற பயம்தான் நிஜம். தை மாதத்தில் வேலம்மாளுக்கு இதயத்திலும் நீர் கோத்துக்கொண்டது. நாள் அதிகமில்லை என்று டாக்டர்கள் ஜாடையாகச் சொல்லிவிட்டார்கள். இனி சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மெஷின் ஓடத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆனபோது அருள்மொழி சொன்னாள். ஜூன் மாதம் போனில் நான் சொன்னது தப்பு, அந்த இரண்டாவது சீட்டு உன்னுடையது இல்லை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், என்னால்தான் நீ ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டாய் என்று தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சரண்யா பெயரை மட்டும் எடுக்கவில்லை.

வேலம்மாள் கண்ணை மூடியே கிடந்தாள்.

"தெரியும்" என்றாள். "அன்னிக்கி அவ வூட்டுக்கு வரும்போது கையில பஞ்சு ஒட்டியிருந்திச்சி. முள்ளு குத்திட்டுதுன்னா. ஊசி போட்ட எடம் எனக்குத் தெரியாதா?"

அருள்மொழி தரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அப்பறம் ஏன்க்கா எங்கிட்ட போன் பண்ணி கேட்ட?"

"நீ நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா, சீசன் முடியற வரைக்கும் தைரியமா போயிட்டு வந்துரலாம்னு இருந்திச்சி. யாரு ரத்தம்னு நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உங்கிட்ட எதுக்கு மறைக்கப் போறேன். நீ கேக்கல அருளு."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. நர்ஸ் வந்து மெஷினில் எதையோ பார்த்துக் குறித்துக்கொண்டு போனாள். வேலம்மாள் மெல்லக் கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தாள்.

"ஊர்ல எல்லா வூட்டுக்கும் போயி கேட்டியாமே. பொன்னம்மா வந்து சொல்லிச்சி. நம்ம வூட்டுக்கு மட்டுந்தான் வரல."

உண்மைதான். நானூற்று முப்பத்தாறு பேரில் வேலம்மாளின் படிவத்தை மட்டும் அருள்மொழி யாரையும் கேட்காமல், வராந்தாவில் சரண்யா சொன்னதை வைத்துத் தன் மேசையில் உட்கார்ந்து நிரப்பியிருந்தாள். இரண்டாம் முறையும் அக்காவைக் கேட்கவில்லை. அவள் பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள். வேலம்மாள் வெளியாளுக்குச் சொல்வது மாதிரி நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான்காவது கேள்வியை அருள்மொழி மூன்று தடவை தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். வேலம்மாள் காத்திருந்தாள்.

"அன்னிக்கி உங்க பேர்ல யாரு நின்னது?"

"எம் பொண்ணு சரண்யா" என்றாள் வேலம்மாள். "எழுதிக்க."

எழுதிக்கொண்டாள்.

புது சீசனுக்குப் பாத்திகளில் தண்ணீர் கட்டத் தொடங்கிய வாரத்தில் வேலம்மாள் போய்விட்டாள். காரியம் முடிந்து அருள்மொழி நிலையத்துக்குத் திரும்பியபோது புதிய கட்டுரை அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. இரண்டாவது அட்டவணையின் கடைசி வரி, ஆராய்ச்சிக் காலத்துக்குள் இறந்தவர்கள். மூன்று என்று இருந்தது. நான் மாற்றிவிடட்டுமா மேடம் என்று ராஜ்கமல் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்றை அழித்து நான்கு என்று அவளே போட்டாள்.